கரைப்பான் வடிப்பவள்

இரவு ஷிப்டில் என் வேலை வடிப்பது.
செகெட் நகரம், திசா நதி பாதி உறைந்த பிப்ரவரி.
மூன்றாம் மாடியில் என் கொதிகுடுவை மட்டும்
தூங்காமல் முணுமுணுக்கும்.

மூக்கால் எல்லாரையும் தெரியும் எனக்கு.
மெட்டா கிரெசால்: புதுத் தார் பூசிய படகு.
டைமெத்தில் ஃபார்மமைடு: கழுவ மறந்த மீன்கத்தி.
டைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை முகரத் தேவையில்லை,
இடது கட்டைவிரலில் அதன் கையெழுத்து இருக்கிறது.
குளோரோஃபார்ம் இனிக்கும்.
இனிப்பதை நம்பக் கூடாது.

பக்கத்து இருட்டறையில் டாக்டர் ஹல்மோஷ்.
அவருக்குக் கரைப்பான் என்றால் ஒன்றுமில்லாதது,
அதில் மிதப்பதுதான் விஷயம்:
திருகித் திருகி விறைத்துப்போன பெப்டைடுச் சங்கிலி,
கண்ணுக்கு எட்டாத ஊசி,
ஒரு முனை நேர், மறுமுனை எதிர்.

ஒருமுறை கூப்பிட்டுக் காட்டினார்.
ஒளியை வடிக்கும் இரண்டு கண்ணாடிகள்,
ஒன்றுக்கொன்று குறுக்காக.
நடுவே என் திரவம். கும்மிருட்டு.
பொத்தானை அழுத்தினார். ஆயிரத்து இருநூறு வோல்ட்,
ஓர் இமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
ஊசிகள் எல்லாம் ஒருமுகமாய்த் திரும்ப
இருட்டு கசிந்தது,
அலைக்காட்டியில் பச்சைக்கோடு எகிறியது.
மின்சாரம் நின்ற பிறகும்
கோடு உடனே விழவில்லை. இறங்கியது,
கடைசி டிராமைத் தவறவிட்ட கூட்டம்
கலைகிறதே, அப்படி.
அந்த இறக்கத்தை அளந்தால்
ஊசியின் நீளம் தெரியும் என்றார்.

அமிலத்தில் போட்டால்? என்றேன்.
போட்டார். சுருள் அவிழ்ந்து தொய்ந்த நூலாயிற்று.
பொத்தான். மறுபடி பொத்தான்.
இருட்டு இருட்டாகவே இருந்தது.

மார்ச்சில் சண்டை.
அதே சங்கிலி, அதே குளோரோஃபார்ம்,
கோடு இறங்க ஆறு மடங்கு நேரம்.
தன்னைவிட நீளமாக ஒன்று எப்படி இருக்கும்?
ஹல்மோஷ் மின்வாய்களைக் கழற்றித் தேய்த்தார்.
சிடோனியா அலைக்காட்டியின் வயிற்றைத் திறந்து
வால்வு வால்வாகத் துடைத்தாள்.
புடாபெஸ்டுக்கு இரண்டு டிரங்க் கால்.
மூன்று வாரம் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஒன்றுமில்லாததை வடிப்பவளிடம்
கேட்க என்ன இருக்கிறது?

என் நோட்டில் இருந்தது.
பிப்ரவரி 26: பழைய ஜாடி தீர்ந்தது.
அது கெடாமலிருக்கத் தொழிற்சாலைக்காரன்
நூற்றுக்கு ஒரு பங்கு சாராயம் சேர்த்திருந்தான்.
புதியதை நான் ஆறு தண்ணீரில் அலசினேன்
(சுத்தம் போதாது, போதாது என்றது அவர்தான்),
கால்சியம் குளோரைடில் உலர்த்தினேன்,
வெளிச்சம் படாமல் கறுப்புத்தாள் சுற்றி வடித்தேன்.
அந்நியம் ஒரு துளி இல்லை அதில்.

இல்லாததுதான் கோளாறு.
இடையில் புகுந்து விலக்கிவிட யாருமில்லாமல்
ஊசிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டன,
நேர் எதிரை, எதிர் நேரை,
நீண்டு, கனத்து,
திரும்பிப் படுக்கவே சோம்பி.

விளக்கம் சொல்ல எனக்கு வராது.
பிப்பெட்டில் கொஞ்சம் சாராயத்தோடு போய்
அவர் கண்முன்னாலேயே கலத்தில் விட்டேன்.
கத்துவதற்கு வாயைத் திறந்தார்.
சிடோனியா பொத்தானை அழுத்திவிட்டாள்.

கோடு எகிறியது. விழுந்தது,
பிப்ரவரியில் விழுந்த அதே வேகத்தில்.

திறந்த வாய் திறந்தபடி இருந்தது.
"என்ன விட்டாய்?"
"நீங்கள் எடுக்கச் சொன்னதை."

கட்டுரை இலையுதிர்காலத்தில் அச்சாகி வந்தது.
அட்டவணை இரண்டில் கரைப்பான், அதன் பாகுத்தன்மை,
கோடு தளரும் காலம், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
என் பெயர் இல்லை.
அடிக்குறிப்பில் "சிறு அளவு எத்தனால்" என்று
ஒன்று இருக்கிறது, அது நான்தான்.

இப்போதெல்லாம் ஜாடியை வாங்கிக்கொண்டு
மூடியில் கை வைத்தபடி நிற்கிறார்.
இதில் வேறென்ன இருக்கிறது, ரொஸாலியா?

முகர்ந்து பார்த்துச் சொல்கிறேன்.